சாரணர் படையும் காட்டுப் பயணமும்: பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்கும்போது பிள்ளை ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டும். சீருடை இயக்கம் ஒன்று, மன்றம் ஒன்று, விளையாட்டு ஒன்று என்று மூன்றைக் குறிக்க வேண்டும். மன்றமும் விளையாட்டும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சீருடை இயக்கத்துக்கு வரும்போது பெற்றோரின் பேனா நின்றுவிடுகிறது. முகாம் என்கிறார்களே, காடு என்கிறார்களே, இதெல்லாம் தேவைதானா என்ற யோசனை.

ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னை மறித்துக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல ஆண்டுகளாகச் சாரணர் படை நடத்துகிறவன் என்பதால் எனக்குச் சார்பு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சாரணர் இயக்கம் என்றால் கயிறு கட்டுவதும் கொடிக்கு வணக்கம் வைப்பதும்தானே?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். 1907 ஆகஸ்டில் பேடன்-பவல் என்ற பிரிட்டிஷ் தளபதி, இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். வசதியான பள்ளிகளின் மாணவர்களும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். இயக்கத்தின் உயிர் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. கயிறும் கொடியும் அதன்மேல் வந்து படிந்தவை.

அடுத்த ஆண்டே, 1908-இல், மலாயாவின் முதல் சாரணர் படை சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அது தொடங்கிய ஊர் நம் பினாங்கு. இதைச் சொன்னால் கோலாலம்பூர் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

புறப்பாடப் புள்ளிக்காகப் பிள்ளையைச் சேர்ப்பது தவறா?

தவறில்லை. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் தகுதிப் புள்ளியில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. மிகச் சிறிய வித்தியாசத்தில் கேட்ட துறை கைநழுவிப் போன பிள்ளை உங்கள் உறவிலேயே ஒருவர் இருப்பார்.

புள்ளிக்காகவே வருகிறவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. முகாமுக்கு முதல் நாள் அவர்களுக்குத் தவறாமல் காய்ச்சல் வரும். அவர்களிலும் சிலர், வேறு வழியில்லாமல் ஒரு முகாமுக்கு வந்துவிட்டுப் பிறகு படையை விட்டுப் போகவே மறுத்திருக்கிறார்கள். என்ன காரணத்தோடு வந்தாலும் வரட்டும் என்பதே என் நிலை.

பள்ளிப் பருவத்து முகாம் பிற்கால வாழ்க்கையை மாற்றும் என்கிறீர்களே, ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் விளம்பரத் தாள்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று நடந்து வருகிறது. அதிலுள்ள ஏறத்தாழ பத்தாயிரம் பேரின் விவரங்களை எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அலசி 2016-இல் வெளியிட்டார்கள். சிறுவயதில் சாரணராகவோ சாரணியராகவோ இருந்தவர்களுக்கு, ஐம்பது வயதில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் போன்ற கோளாறுகள் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக இருந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்களின் மனநலம் பிற்காலத்தில் மோசமாக இருப்பது வழக்கம். சாரணர்களாக இருந்தவர்களிடையே அந்த இடைவெளி தென்படவில்லை.

இதைக் கேட்டதும் ஒரு கேள்வி எழ வேண்டும். படையில் சேர்ந்ததால் அவர்கள் நலமாக இருந்தார்களா, அல்லது முன்பே நலமாகவும் அக்கறையுள்ள பெற்றோருடனும் இருந்தவர்கள்தாம் படையில் சேர்ந்தார்களா? குடும்ப நிலை போன்றவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். என்றாலும் இப்படிப்பட்ட ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லாது. அதோடு அது பிரிட்டனின் 1960, 70களைப் பற்றியது. கம்போங்கில் வளர்ந்து, கைப்பேசியோடு தூங்கும் நம் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

சாகசப் பயிற்சியைப் பற்றிய சான்று இன்னும் கொஞ்சம் உறுதியானது. 1997-இல் ஜான் ஹேட்டியும் அவருடைய குழுவினரும் 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தன்னம்பிக்கை, தன்னைக் கட்டுப்படுத்துதல், பொறுப்பேற்றல் முதலியவற்றில் நடுத்தரமான முன்னேற்றம் தெரிந்தது. பள்ளியில் நடக்கும் பெரும்பாலான சிறப்புத் திட்டங்களின் பயன் அவை முடிந்ததும் கரையத் தொடங்கும். இங்கே அப்படிக் கரையவில்லை. பயிற்சி முடிந்த பிறகும் வளர்ந்தது. நீண்ட பயிற்சிகள் குறுகியவற்றைவிட நன்றாக வேலை செய்தன. ஆகவே ஒரே ஓர் இரவு முகாமுக்கு அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை பிள்ளை திருந்திவிட்டதா என்று பார்க்காதீர்கள்.

நிலவில் நடந்த 12 பேரில் 11 பேர் சாரணர்களாமே?

ஆமாம், சிறுவயதில் சாரணர் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள்தாம். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்காவில் அந்த வகைக் குடும்பங்களின் பையன்கள் கூட்டம் கூட்டமாகச் சாரணர் படையில் இருந்தார்கள். நிலவுக்குப் போகாத சாரணர்கள் பல இலட்சம். இந்தத் தகவலைச் சேர்க்கை விழாப் பதாகையில் போடுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

முகாமில் அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்? வீட்டில் ஒரு தட்டுக்கூடக் கழுவுவதில்லையே!

வீட்டில் கழுவாததற்குக் காரணம் எளிது. அவன் கழுவாவிட்டாலும் தட்டு கழுவப்பட்டுவிடும். முகாமில் அவன் விட்ட பானையில் இரவு எறும்பு ஏறும். காலையில் அதே பானையில்தான் மிலோவுக்குத் தண்ணீர் காய வேண்டும். அணியில் இருக்கும் மற்ற ஆறேழு பேரும் அவனைப் பார்ப்பார்கள். ஆசிரியர் திட்டத் தேவையே இருக்காது.

நல்ல படையில் அணித் தலைவனுக்கு வயது பதினான்கு, பதினைந்துதான் இருக்கும். என்ன சமைப்பது, யார் விறகு தேடுவது, எந்த மேட்டில் கூடாரம் அடிப்பது என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும். பள்ளமான இடத்தில் கூடாரம் அடித்தால் மாலை மழையில் படுக்கை நனையும். அரிசி கருகினால் கருகிய சோறுதான். மெகி மீ வாங்கிவர அங்கே கடை கிடையாது. பெரியவர்கள் தொலைவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வந்தால் மட்டும் எழுந்து வருவோம். இந்த உட்கார்ந்திருத்தல்தான் எங்கள் வேலையிலேயே கடினமானது. பையன் தவறான பக்கம் கயிற்றை இழுப்பது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

நடைப்பயணத்தில் ஒரு வழக்கம் உண்டு. அணியில் மெதுவாக நடப்பவனை முன்னால் விட வேண்டும், வேகமானவன் கடைசியில் வர வேண்டும். முதன்முறை கேட்கும்போது எந்தப் பையனும் ஒத்துக்கொள்ள மாட்டான். தெலுக் பஹாங்கிலிருந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போகும் காட்டுப் பாதையில் ஒருமுறை வேகமானவர்களை முன்னால் போகவிட்டுப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். அரை மணி நேரத்தில் அணி மூன்று துண்டாகிவிடும். முன்னால் போனவர்களிடம் தண்ணீர் இருக்கும், பின்னால் நிற்பவனுக்குத் தாகம் இருக்கும்.

என் படையில் இருந்த ஒருவர் இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் இரவு வேலைப் பிரிவைக் கவனிக்கிறார். புதிதாக வந்த தொழிலாளரின் வேகத்தை வைத்தே தன் வரிசையின் வேலையைத் திட்டமிடுவதாகவும், மேலாளர்கள் அதை வினோதமாகப் பார்ப்பதாகவும் சொன்னார். இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்களாம். பதில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லையாம். முகாமின் பயன் பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படுகிறது. சான்றிதழில் அதற்கு இடம் இல்லை.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைக்கு இது உதவுமா?

என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். ஆனால் குறைவாகவே கேட்கப்படுகிறது.

ஆறு ஆண்டுகள் தமிழில் கணக்குப் போட்டு, தமிழில் சண்டையிட்டு, தமிழில் நட்பான பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் ஒரே நாளில் சிறுபான்மையாகிவிடுகிறது. மலாய் நன்றாகத் தெரிந்தாலும் வாய் திறக்காது. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் தமிழ்ப்பள்ளி நண்பர்கள் ஒரே மேசையில் ஒட்டிக்கொள்வார்கள். வகுப்பறையில் இதை உடைப்பது கடினம். அங்கே ஒருவரை ஒருவர் சார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

முகாமில் அந்த அவசியம் வந்துவிடுகிறது. கூடாரத்தின் ஒரு முனையை ஹக்கீம் பிடித்தால் மறு முனையைக் கவின் பிடித்தாக வேண்டும், நடுக்கம்பை வெய் ஜியே நிமிர்த்த வேண்டும். “இழு”, “விடு”, “ஆணியை அடி” என்று மலாய் தானாக வாயில் வந்துவிடும். இலக்கணத்தைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. பிற்காலத்தில் வேலையிடத்தில் மூன்று இனத்தவரோடும் கூச்சமின்றிப் பேசுகிற நம் இளைஞர்களில் பலர், சீருடை இயக்கத்திலோ காற்பந்துத் திடலிலோ அந்தப் பழக்கத்தைப் பெற்றவர்கள்.

இதற்காக அந்தப் பிள்ளை தமிழை விட வேண்டியதில்லை. இரவில் தீயைச் சுற்றி உட்காரும்போது ஒவ்வோர் அணியும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். எங்கள் படையில் தமிழ்ப் பாட்டுக்குக் கைதட்டல் எப்போதும் அதிகம். தாளம் காரணமாக இருக்கலாம்.

என் பிள்ளை மிகவும் கூச்ச சுபாவம். சமாளிக்குமா?

கூச்சப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே சமாளிக்கிறார்கள். மேடையில் பேசச் சொல்லாமல் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் போதும், அவர்களுக்குப் பிடித்துவிடும். கடினமான கட்டம் ‘ஜாப் வீக்’. அந்த வாரத்தில் சாரணர்கள் அக்கம்பக்கத்தில் வீடு வீடாகப் போய், “ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள், முடிந்ததைத் தாருங்கள்” என்று கேட்டு, கார் கழுவி, புல் வெட்டி, அட்டையில் கையொப்பம் வாங்கி வருவார்கள். முன்பின் தெரியாதவரின் கதவைத் தட்டிக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். ஜோடியாக அனுப்புவோம். அடுக்குமாடி வீடுகளில் பெரியவர் ஒருவர் கீழே நிற்பார்.

சுற்றுலாவுக்கும் சாகசப் பயணத்துக்கும் என்ன வேறுபாடு? பள்ளியே ஆண்டுதோறும் சுற்றுலா அழைத்துப் போகிறதே.

கொடிமலைக்கு மின்ரயிலில் ஏறி, சில நிமிடங்களில் உச்சியை அடைந்து, படம் பிடித்து, ஐஸ் கச்சாங் சாப்பிட்டு இறங்கினால் அது சுற்றுலா. தாவரவியல் பூங்கா அருகிலுள்ள மூன் கேட் வாசலிலிருந்து, வரைபடத்தைப் பையன்களே வைத்துக்கொண்டு, வழியில் எங்கே ஓய்வெடுப்பது என்று அவர்களே தீர்மானித்து, வியர்த்து ஏறினால் அது பயணம். மலை ஒன்றுதான். முதலாவதில் பிள்ளை பயணி, இரண்டாவதில் பொறுப்பாளி. சுற்றுலா கூடாது என்று நான் சொல்லவில்லை; அதற்கு இவ்வளவு எதிர்பார்ப்பை ஏற்ற வேண்டாம் என்கிறேன்.

இந்த வகைக் கல்விக்குப் பின்னால் இருந்தவர் கர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளர். நாஜிகளை எதிர்த்ததால் நாட்டைவிட்டு வெளியேறி பிரிட்டனுக்கு வந்தவர். போர்க்காலத்தில், 1941-இல், வேல்ஸ் கடற்கரையில் அவரும் கப்பல் நிறுவன முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். இளம் மாலுமிகள் கடலில் தளராமல் உயிர்பிழைக்கக் கற்பது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று. அதே பெயரில் ஒரு பள்ளி 1950களின் நடுப்பகுதியிலிருந்து நம் பேராக் மாநிலத்தின் லூமுட் கடற்கரையில் இயங்கி வருகிறது. பினாங்கிலிருந்து காரில் சில மணி நேரம்தான். படிவம் ஐந்து முடித்த பிள்ளை தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில், பேரங்காடியில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் இப்படிப்பட்ட ஒரு பயிற்சிக்குப் போகலாம்.

நம்மவர்களுக்கு மலையும் காடும் ஒத்துவருமா?

1997 மே 23 அன்று எவரெஸ்ட்டின் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை நாட்டியவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். இருவரும் நம்மவர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளைக் காவடியோடு ஏறும் சமூகம், கால்வலியைக் காரணம் காட்ட முடியாது.

பாதுகாப்பு பற்றித்தான் கவலை. விபத்து நடக்காதா?

நடக்கலாம். நடக்கவே நடக்காது என்று உறுதிகூறும் ஆசிரியரை நம்ப வேண்டாம்.

நம் காட்டில் புலியும் பாம்பும் பெரிய கவலை அல்ல. அட்டை கடித்தால் அலறலைத் தவிர வேறு சேதமில்லை. தண்ணீரும் மின்னலும்தான் உண்மையான ஆபத்து. மேலே மலையில் பெய்யும் மழை, வெயிலடிக்கும் கீழ்ப்பகுதியில் ஓடையைத் திடீரெனப் பொங்க வைக்கும். நீர் கலங்கி, இலைச் சருகு மிதந்து வந்தால் உடனே கரையேற வேண்டும். உலகில் மின்னல் மிகுந்த வட்டாரங்களில் நம் நாடும் ஒன்று. அதனால்தான் மலையேற்றத்தைக் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிக்கச் சொல்கிறோம். காலில் புண் உள்ள பிள்ளையைத் தேங்கிய நீரில் இறங்கவிடக் கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். பந்தாய் கெராச்சுட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது குளிப்பதற்கு ஏற்ற கடல் அன்று.

பெரிய அமைப்பு நடத்தினால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் செமாங்கும் என்ற இடத்தில் நடந்த உலகச் சாரணர் ஜம்போரி என்ற பெருமுகாமுக்கு ஏறத்தாழ 43,000 பேர் வந்தார்கள். நிழலற்ற நிலம், கடும் வெயில், போதாத கழிப்பறைகள். நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் பாதிக்கப்பட்டார்கள். சில நாட்டுக் குழுக்கள் முன்கூட்டியே வெளியேறின. கடைசியில் புயல் வருவதால் முகாமையே காலி செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்: மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி கிடைத்துவிட்டதா? அருகிலுள்ள மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்? மழை பெய்தால் மாற்றுத் திட்டம் என்ன? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் அனுப்பாதீர்கள்.

கூட வரும் பெரியவர்களை எப்படி நம்புவது?

இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்டே ஆக வேண்டும். அமெரிக்காவின் சாரணர் அமைப்பு 2020-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. சிறுவயதில் தாங்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். சீருடையும் உறுதிமொழியும் யாரையும் நல்லவராக்கிவிடுவதில்லை.

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், பெரியவர்களுக்குத் தனிக் கூடாரம், பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் பொறுப்பாளர், பிள்ளையோடு இரகசியமான கைப்பேசி உரையாடல் கூடாது. இவை எங்கள் விதிகள். உங்கள் பிள்ளையின் படையில் இவை எழுத்தில் இருக்கின்றனவா என்று கேட்டால் நல்ல பொறுப்பாளர் கோபப்பட மாட்டார்.

மகளை அனுப்பலாமா?

அனுப்புங்கள். சாரணியர் இயக்கமும் இருக்கிறது, பெண்கள் சேரும் சாரணர் படைகளும் இருக்கின்றன. அண்ணனை எதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டு, தங்கைக்கு மட்டும் நூறு கேள்வி கேட்கும் வீடுகள் நம்மிடம் அதிகம். அந்த நூறு கேள்விகளையும் இருவருக்கும் கேளுங்கள்.

சாப்பாடு? எங்கள் வீடு சைவம்.

பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தனிப் பானை ஒதுக்குவோம். கலப்பு அணிகளில் ஹலால் முறையும் மாட்டிறைச்சி இல்லாமையும் பேசாமலே நடைமுறையாகிவிட்டன. சார்டினும் முட்டையும்தான் எங்கள் தேசிய உணவு. சைவப் பிள்ளைக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும். பிள்ளைக்கு ஒவ்வாத பொருள் ஏதேனும் இருந்தால் அதை மட்டும் வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

செலவு அதிகமாகுமே?

சீருடைக்குத்தான் முதலில் பணம் போகும். மூத்த மாணவர்கள் விட்டுச்சென்றவை பெரும்பாலான படைகளில் இருக்கும், கேட்டால் கிடைக்கும். விலையுயர்ந்த காலணி, பிராண்ட் பை எதுவும் முதல் ஆண்டில் வேண்டாம்; ரப்பர் தோட்டத்தில் அணியும் ‘கம்போங் அடிடாஸ்’ காலணி ஈரப் பாதையில் நன்றாகப் பிடிக்கும். வெளிநாட்டு ஜம்போரி வேறு கதை. அதற்குக் கடன் வாங்காதீர்கள். ஜம்போரிக்குப் போகாத பிள்ளை எதையும் இழந்துவிடுவதில்லை.

எஸ்.பி.எம். தேர்வு ஆண்டில் நிறுத்திவிடலாமா?

முகாம்களைக் குறைக்கலாம். முழுவதும் நிறுத்தினால், வாரம் ஒரு மாலை மிச்சமாகும். அந்த மாலை பெரும்பாலும் கைப்பேசிக்குப் போகும். படிவம் நான்கிலேயே பதவிப் பொறுப்புகளை இளையவர்களிடம் ஒப்படைக்கப் பழக்குவது எங்கள் முறை. ‘பெங்காக்காப் ராஜா’ எனும் உயரிய விருதுக்கு முயலும் பிள்ளை மட்டும் நேரத்தை இன்னும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

நல்ல படையை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு சனிக்கிழமை காலை சொல்லாமல் போய்த் திடலோரம் நில்லுங்கள். யார் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். ஒரு மணி நேரமும் ஆசிரியரின் குரலே கேட்டால், அது வெயிலில் நடக்கும் வகுப்பு. பிள்ளைகளின் குரல் அதிகமாகவும் கொஞ்சம் ஒழுங்கற்றும் கேட்டால் நல்ல அறிகுறி. அணிவகுப்புப் பயிற்சியிலேயே முழு ஆண்டையும் கழிக்கும் படைகளும் உண்டு. கோப்பை வெல்வார்கள், சோறு வடிக்கத் தெரியாது. பழைய மாணவர்கள் வந்து உதவுகிறார்களா என்றும் விசாரியுங்கள். பதினெட்டு, இருபது வயதில் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து யாராவது திரும்பி வருகிறார்கள் என்றால் அங்கே அவர்களுக்கு ஏதோ கிடைத்திருக்கிறது.

சேர்ந்த பிறகு பிள்ளை விலக விரும்பினால்?

இரண்டு முகாம் வரை பொறுத்துப் பாருங்கள். முதல் முகாம் எல்லாருக்கும் கொசு, ஈரம், வீட்டு நினைவு என்றுதான் போகும். இரண்டாவதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் செயிண்ட் ஜான் முதலுதவிப் படையோ செம்பிறைச் சங்கமோ பொருந்தலாம். இரத்தத்தைக் கண்டு அஞ்சாத பிள்ளைகள் அங்கே மின்னுவார்கள். ஆனால் காரணத்தை மட்டும் மெதுவாகக் கேட்டறியுங்கள். “பிடிக்கவில்லை” என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மூத்த மாணவனின் கேலியோ ஒரு பெரியவரின் நடத்தையோ இருந்தால், பள்ளி நிர்வாகத்திடம் நேரில் போய்ப் பேசுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.